யாரும் படிக்காத ஐந்தாவது வரி

“நிறுத்துங்க மாமா! மெஷினை நிறுத்துங்க!”

டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு வண்டு ஓடினாள். அச்சகத்தின் நீளமான அறையில் மெஷின் போட்ட இரைச்சலில் அவள் கத்தியது மாமாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் காற்றாடிபோல் சுழற்றியது மட்டும் தெரிந்தது.

மாமா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ‘உஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டபடி மெஷின் நின்றது.

“என்னாச்சு? விரலை எங்கயாவது விட்டுட்டியா? காட்டு, காட்டு!”

“என் விரலுக்கு ஒன்னும் ஆகலை மாமா. அப்பாவுக்குத்தான் என்னமோ ஆகியிருக்கு. இதைப் பாருங்க!”

மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த முதல் போஸ்டரை வண்டு தூக்கிப் பிடித்தாள். மை வாசனை குப்பென்று அடித்தது.

போஸ்டர் முழுக்க வண்டுவின் அப்பா!

ஆனால் வீட்டில் இருக்கும் அப்பா இல்லை. இந்த அப்பா கறுப்பு வெள்ளையில் இருந்தார். தலை தொங்கியிருந்தது. முகத்தில் பாதி இருட்டு. கீழே ஓரத்தில் ஒரு கை மட்டும் எதையோ கேட்பதுபோல முன்னால் நீண்டிருந்தது. அதன் விரல்கள் பாதியிலேயே வெட்டுப்பட்டிருந்தன.

அதற்கும் கீழே, பெரிய எழுத்தில் ஒரு வரி:

‘இருளில் வாடும் இவர்களுக்கு இரங்குங்கள்!’

“மாமா, எங்கப்பா எப்ப வாடினாரு? இன்னைக்குக் காலையிலகூட என்னோட சண்டை போட்டு ரெண்டு தோசை அதிகமா சாப்பிட்டாரு!”

மாமா தலையைச் சொறிந்தார். அவர் வண்டுவின் அம்மாவுக்குத் தம்பி. அந்த அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்.

“எனக்கும் மச்சானை இப்படிப் பார்க்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா நான் என்ன பண்ண முடியும்? இங்க பாரு, ‘அச்சிடலாம்’னு உங்க சங்கத்து செயலாளர் மேடமே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

மாதிரித் தாளின் மூலையில் அந்தக் கையெழுத்து இருந்தது.

செயலாளர் மேடமா? அவங்களா இதுக்குச் சரின்னு சொன்னாங்க?

வண்டுவின் அப்பாவுக்குக் கண் தெரியாது. பார்வையற்றோர் சங்கம் நடத்தும் பிரெயில் அச்சகத்தில் அவருக்கு வேலை. தாளில் மேடாக எழுந்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படித்து, பிழை இருந்தால் பிடித்துக் கொடுக்க வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை அந்த அச்சகத்தை ஊர் மக்கள் எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று சங்கம் அழைக்கிறது. அதற்கான போஸ்டர்தான் இது.

“இதை எங்கே எல்லாம் ஒட்டுவாங்க மாமா?”

“பஸ் ஸ்டாப், மார்க்கெட், ஆஸ்பத்திரி… உங்க ஸ்கூல் சுவர்லயும்தான். பன்னிரண்டு மணிக்குப் பசை வாளியோட ஆள் வந்துடுவார்.”

வண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

“மேடத்துக்குப் போன் போடுங்க மாமா!”

மாமா போட்டார். இரண்டு முறை போட்டார். ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. சனிக்கிழமை காலையில் சங்கத்தில் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வார்கள். அது முடியும்வரை எந்த போனும் உயிரோடு இருக்காது.

“அப்ப நான் போறேன். மூணு தெருதானே! நீங்க அதுவரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க.”

“சும்மா நிறுத்தி வெச்சா முதலாளி என்னைப் போஸ்டரா அடிச்சு ஒட்டிடுவார்!” என்றார் மாமா. பிறகு கொஞ்சம் யோசித்தார். “பல் டாக்டரோட விசிட்டிங் கார்டு ஒன்னு பாக்கி இருக்கு. அதை முதல்ல ஓட்டறேன். பதினொன்றரை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட கேட்காத.”

வண்டு போஸ்டரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பறந்தாள்.

முதல் தெரு முழுக்க அவளுக்குக் கோபம். இரண்டாவது தெருவில் அழுகை. மூன்றாவது தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு கேள்வி.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

*

சங்கத்தின் வாசலைத் தாண்டினால் நீளமான நடைவழி. அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. நடைவழியில் ஒரு நாற்காலிகூட நிற்கக் கூடாது. உள்ளே வருகிறவர்கள், ‘நான் இன்னார் வந்திருக்கேன்’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வண்டு மட்டும் சொல்ல வேண்டியதில்லை. அவள் நடக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏதாவது பாட்டை ரீங்காரம் போட்டுக்கொண்டே வருவாள். சின்ன வயதில், தான் எங்கே இருக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரிவதற்காக ஆரம்பித்த பழக்கம் அது. ‘வண்டு’ என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

இன்று வண்டு ரீங்காரம் போடவில்லை.

பிழை திருத்தும் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் நடுவில் அப்பா. அவருக்கு வலப்பக்கம் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் அவர், சனிக்கிழமைகளில் இங்கே கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்க வருவார். ஜன்னல் ஓரத்தில் ரேடியோ அண்ணன். தினமும் செய்தித்தாளை யாராவது வாசிக்கக் கேட்டு, சுருக்கிப் பேசி, பதிவு செய்து, உறுப்பினர்களின் போனுக்கு அனுப்புவது அவருடைய வேலை. மூன்று பேருக்குமே கண் தெரியாது.

அப்பாவின் விரல் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

“வண்டு? என்ன இது, சத்தமே இல்லாம வர்ற? பெட்ரோல் தீர்ந்துடுச்சா?”

“எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?”

“இந்த மாதிரி மூச்சு வாங்கிட்டு வேற யாரு வருவா? உங்கம்மா வந்தா முதல்ல திட்டு வரும், அப்புறம்தான் ஆள் வரும்.”

ரேடியோ அண்ணன் சிரித்தார். “கையில பேப்பர் சத்தம் கேக்குதே. போஸ்டரா? அடிச்சுட்டாங்களா?”

“அட, வந்துடுச்சா!” அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “சொல்லு வண்டு. அப்பா எப்படி இருக்கேன்? சினிமா ஹீரோ மாதிரியா, இல்ல, ஹீரோவோட அண்ணன் மாதிரியா?”

மூன்று முகங்களும் வண்டு நின்ற பக்கம் திரும்பின. மூன்றிலும் சந்தோஷம்.

வண்டு போஸ்டரை விரித்தாள்.

‘சூப்பரா இருக்கீங்கப்பா’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். அந்த அறையில் போஸ்டரைப் பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்திதான். பொய் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பா நாள் முழுக்க சந்தோஷமாக இருப்பார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊரே சங்கத்துக்கு வரும். ‘ஐயோ பாவம்’ என்று அப்பாவைப் பார்த்து உச்சுக்கொட்டும். ஏன் என்று அப்பாவுக்கு மட்டும் புரியாது. ஊருக்கே தெரிந்த ஒன்று, அந்தப் படத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பதா?

“அப்பா, நான் இருக்கறதை இருக்கற மாதிரியே சொல்றேன். கோபப்படாம கேட்கணும்.”

“சொல்லு.”

வண்டு சொன்னாள். தொங்கிய தலை. இருட்டு முகம். நீண்ட கை. பிறகு அந்த வரி. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை.

அப்பா மெதுவாகத் தன் முகத்தையே ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நான் அப்படியா இருக்கேன்?” என்றார்.

“இல்லவே இல்லப்பா!”

“அப்ப கேமராவுக்குத்தான் கண் கோளாறு,” என்றார் ரேடியோ அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை.

கணக்கு டீச்சர் மேசையை விரலால் தட்டினார். கணக்குப் போடும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

“வண்டு, ஒரு சந்தேகம். அந்தக் கை கேட்கற மாதிரி இருக்குன்னு சொன்னியே, உள்ளங்கை மேல பார்த்து இருக்கா, கீழ பார்த்து இருக்கா?”

வண்டு குனிந்து உற்றுப் பார்த்தாள். “கீழ பார்த்து இருக்கு டீச்சர். புறங்கைதான் தெரியுது.”

“ஒருத்தர்கிட்ட கையேந்தி ஒன்னு கேட்கறவங்க, கையைக் கவுத்து வெச்சுகிட்டா கேட்பாங்க?”

வண்டுவின் மூளைக்குள் மணி அடித்தது.

“அப்பா! உங்க வேலையைச் செய்யுங்க. சீக்கிரம்! எப்பவும் போல படிங்க!”

அப்பா ஒன்றும் புரியாமல் தாளில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். வண்டு நாலடி தள்ளிப்போய் நின்று பார்த்தாள். அப்பாவின் தலை குனிந்தது. கை முன்னால் நீண்டது. விரல்கள் மடங்கின.

அச்சு அசல் அதே படம்!

“வெட்டிட்டாங்க!” என்று துள்ளினாள் வண்டு. “நீங்க பிழை திருத்திட்டு இருக்கும்போது எடுத்த படம்பா இது! கீழ இருந்த புத்தகத்தை யாரோ வெட்டிட்டாங்க. அதான் படிக்கறவர் அழறவர் மாதிரி ஆயிட்டாரு!”

“அடப்பாவிகளா!” என்றார் ரேடியோ அண்ணன்.

“அதுகூட இருக்கட்டும்,” என்றார் கணக்கு டீச்சர். “கடைசியா ஒரு வரி படிச்சியே, இருள், வாடல்னு… அது எப்படி வந்துச்சு? போன வாரம் கமிட்டிக் கூட்டத்துல மேடம் இதோட மாதிரித் தாளைக் கையில வெச்சுகிட்டு எங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க. அச்சகத்துக்கு வாங்க, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, எல்லாரும் வரலாம். நாலே வரி. நாங்க எல்லாரும் சரின்னு சொன்னோம்.”

“படத்தைப் பத்தி யாரும் கேட்கலையா?”

கணக்கு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “எழுத்தைக் கேட்டோம், படத்தைக் கேட்கலை. மேடம் பார்த்திருப்பாங்கன்னு நாங்க விட்டுட்டோம். தப்புதான்.”

“அவங்க அஞ்சாவது வரியை மட்டும் ஏன் படிக்கலை?” ரேடியோ அண்ணனின் குரல் தாழ்ந்தது. “நமக்குத் தெரிய வேண்டாம்னு மறைச்சுட்டாங்களோ?”

“வாயை அலம்பு!” என்றார் அப்பா. அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி வண்டு கேட்டதே இல்லை. “எனக்குக் கண் போனப்ப இருபது வயசு. ஆறு மாசம் வீட்டு மூலையைவிட்டு எழுந்திருக்கலை. என்னை எழுப்பி இங்க கூட்டிட்டு வந்தது யாரு? கையில குச்சியைக் கொடுத்து, ‘இனிமே தனியா பஸ்ல வாங்க’ன்னு அனுப்பிட்டு, எனக்குத் தெரியாம பத்தடி பின்னாலயே வந்தவங்க அவங்க. ஒரு நாள் இல்ல, நாற்பது நாள்!”

“தெரியாம வந்தாங்கன்னா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நாற்பத்தோராவது நாள் தும்மிட்டாங்க.”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அப்பா குரலைத் தணித்துக்கொண்டார்.

“நான் இன்னைக்கு சம்பளம் வாங்கறேன், பொண்ணைப் படிக்க வைக்கறேன்னா அது இந்தச் சங்கத்தாலதான். அதை நான் மறக்க மாட்டேன். அதுக்காக இந்தப் போஸ்டரையும் சரின்னு சொல்ல மாட்டேன். ரெண்டையும் அவங்ககிட்டயே நேரா சொல்லுவோம். எங்க அவங்க?”

*

மேடம் ஒலிப்பதிவு அறையில் இருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது கதவைத் தட்டினால், அரை மணி நேரப் பதிவு பாழாகிவிடும்.

மணி பதினொன்று பத்து.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. வண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு கல்லூரி அக்கா வரலாற்றுப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். காதில் பெரிய ஹெட்போனோடு மேடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டத்தானே கூடாது? காட்டலாமே!

வண்டு போஸ்டரை விரித்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள். ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்.

மேடம் தலையைத் திருப்பினார். நேராகக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார்! தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பாடத்தைக் கேட்கத் திரும்பிக்கொண்டார்.

வண்டுவின் கை தானாகக் கீழே இறங்கியது.

“பார்த்தாங்களா?” என்று பின்னாலிருந்து அப்பா கிசுகிசுத்தார்.

“பார்த்தாங்கப்பா. சிரிச்சாங்க.”

ரேடியோ அண்ணன், “நான் சொன்னப்ப வாயை அலம்பச் சொன்னீங்க,” என்று முணுமுணுத்தார்.

ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரம்போல் போனது. ஒருவழியாகச் சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்தது.

“யாரெல்லாம் நிக்கறீங்க? பெயர் சொல்லுங்கப்பா, சட்டம் எல்லாருக்கும்தான்!” என்று சிரித்தபடியே வந்தார் மேடம்.

அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். “மேடம், போஸ்டர்ல என் படத்தை வண்டு சொன்னா. நாங்க எல்லாரும் கேட்டோம். உங்களுக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இதை ஒட்டக் கூடாது மேடம்.”

மேடத்தின் சிரிப்பு நின்றது. “படத்துல என்ன?”

வண்டு திகைத்தாள். இவ்வளவு நேரம் கண்ணாடியில் காட்டினோமே! அப்பா அவள் தோளைத் தொட்டு, “மறுபடி சொல்லு,” என்றார். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொங்கிய தலை, இருட்டு, வெட்டுப்பட்ட கை. ஐந்தாவது வரி.

கேட்கக் கேட்க மேடத்தின் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வரியை நான் எழுதலை,” என்றார். “சத்தியமா எழுதலை. நான் கொடுத்தது நாலு வரிதான்.”

“ஆனா கையெழுத்து உங்களோடதுதானே மேடம்?” என்றார் ரேடியோ அண்ணன். “பார்க்காமயா போட்டீங்க?”

மேடம் வாசல் பக்கம் திரும்பினார்.

“அதைச் சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். முதல்ல மெஷினை நிறுத்தணும். மணி என்ன?”

“பதினொன்று இருபது!” என்றாள் வண்டு.

“வாங்க!”

*

மற்ற இருவரும் சங்கத்திலேயே இருக்க, வண்டு முன்னால் ஓடினாள். அப்பா வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவருடைய முழங்கையைப் பிடித்தபடி மேடம் வந்தார். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போகிறவர் இன்று ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று வண்டுவுக்கு எரிச்சலாக வந்தது. தெருமுனையில் நின்று நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது பல் டாக்டரின் கடைசி கார்டு வெளியே விழுந்துகொண்டிருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க!” என்றார் மேடம். “அந்தப் போஸ்டரை அடிக்க வேண்டாம். அதை வரைஞ்ச தம்பி எங்க?”

மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து டிசைனர் எழுந்து வந்தார். காதில் இருந்த ஒயரை அவசரமாகக் கழற்றினார்.

“நான்தான் மேடம். ஏன், நல்லா இல்லையா?”

“படத்தை வெட்டினது நீங்களா? அந்த வரியைச் சேர்த்தது?”

“ஆமாம் மேடம். வெறும் நாலு வரி மொட்டையா இருந்துச்சு. உதவிச் சங்கத்துப் போஸ்டர்னா பார்க்கறவங்க மனசு உருகணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதான் கலரை எடுத்தேன், கொஞ்சம் இருட்டாக்கினேன், குறுக்க இருந்த புத்தகத்தை வெட்டினேன்…” அவர் அப்போதுதான் அப்பாவைக் கவனித்தார். போஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது. “சார், நீங்களா அது? நேர்ல பார்த்தா ஜம்முனு இருக்கீங்களே!”

“நன்றி தம்பி. அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் அப்பா.

“மன்னிச்சிடுங்க சார். முழுப் படமும் இருக்கு. இப்பவே எடுக்கறேன்.”

திரையில் முழுப் படம் விரிந்தது. வண்டு அதன் முன்னால் நின்று, அப்பாவுக்குச் சொன்னாள்.

“கலர் படம்பா. மேசை தெரியுது. பெரிய புத்தகம் திறந்திருக்கு. உங்க ரெண்டு கையும் அது மேல இருக்கு. வலது ஆள்காட்டி விரல் ஒரு புள்ளி மேல நிக்குது. உதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு.”

“என்ன சிரிப்பு?”

“பிழையைப் பிடிச்சா சிரிப்பீங்களே, ‘மாட்டினியா!’ன்னு. அந்தச் சிரிப்பு. சிவப்புச் சட்டை போட்டிருக்கீங்க.”

“சிவப்பா?” அப்பா அதிர்ந்தார். “உங்கம்மா அது நீலச் சட்டைன்னு சொன்னாளே!”

“உங்களுக்குச் சிவப்புப் பிடிக்காதுன்னு அக்கா அப்படிச் சொல்லியிருப்பா,” என்று மாமா குட்டை உடைத்தார். “இந்த வீட்டுச் சண்டைக்கு எல்லாம் நான் வரலை. அஞ்சாவது வரி வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க. மணி பதினொன்னு நாற்பது.”

மேடம் அப்பாவின் பக்கம் திரும்பினார். “அந்த வரி உங்க வரி. நீங்களே சொல்லுங்க.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“கண்ணுக்குத் தப்பும் பிழையும் எங்கள் விரலுக்குத் தப்பாது. வந்து பாருங்கள்!”

“அப்ப நான் அடிக்கற போஸ்டர்ல பிழை இருந்தா?” என்றார் மாமா.

“வந்து சொல்லுவோம் மச்சான். அதுக்குத்தானே சங்கம் வெச்சிருக்கோம்!”

டிசைனரின் விரல்கள் பறந்தன. பத்து நிமிடத்தில் புதிய மாதிரித் தாள் வந்தது. மாமா அதை வண்டுவிடம் கொடுத்தார். வண்டு படத்தையும் சொன்னாள், ஐந்து வரிகளையும் படித்தாள். அப்பா தலையசைத்தார். மேடமும் தலையசைத்தார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிவப்புச் சட்டை அப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தார்கள்.

வாசலில் பசை வாளியோடு வந்து நின்றவர், “என்னங்க இது, இந்த ஆளு என்னைப் பார்த்து சிரிக்கறாரு? எந்தப் படத்துல நடிச்சிருக்காரு?” என்று கேட்டார்.

அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வண்டு இவ்வளவு நேரம் மறந்திருந்த ரீங்காரத்தை மறுபடியும் ஆரம்பித்தாள்.

அப்போது மேடம் மெதுவாக, “நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு,” என்றார்.

“அவசரம் இல்லை மேடம்,” என்றார் அப்பா. அவர் குரல் மிகவும் மென்மையாக இருந்தது. “தெருவுல என் முழங்கையைப் பிடிச்சீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. துணைக்குப் பிடிக்கறவங்க பிடி வேற, வழி தெரியறதுக்குப் பிடிக்கறவங்க பிடி வேற. நீங்களா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னுதான் பேசாம வந்தேன். நாங்க இருக்கோம் மேடம். இதுல எல்லாம் எங்களுக்கு நல்ல அனுபவம்.”

மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சிரித்தார்.

வண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனதில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டாள்.

“மேடம், நான் கண்ணாடியில போஸ்டரைக் காட்டினப்ப, நீங்க அதைப் பார்த்து ஏன் சிரிச்சீங்க?”

“அது போஸ்டரா?” மேடம் குனிந்து, காற்றில் தேடி வண்டுவின் கையைப் பிடித்தார். “கதவுக்கு வெளியில ஏதோ ஒரு நிழல் நின்னுச்சு. யாரா இருந்தாலும் சிரிச்சு வைப்போம்னு சிரிச்சேன்மா. கமிட்டியில படிச்ச நாலு வரியும் நான் எழுதி மனப்பாடம் பண்ணினது. கையெழுத்தும் அந்தத் தம்பி காட்டின இடத்துல போட்டது. உங்க எல்லார்கிட்டயும் வெட்கப்பட ஒன்னுமில்லைன்னு இத்தனை வருஷம் சொன்ன எனக்கு, என் விஷயத்தைச் சொல்லத்தான் தைரியம் வரலை. இன்னைக்கு நீ சொன்னதாலதான் அந்தப் படத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி வண்டு. படம் பார்க்க முடியாத மூணு பேருக்குச் சொன்னதா நீ நினைச்சுட்டு இருக்க. மூணு இல்லம்மா, நாலு பேர்.”